பழைய வீட்டின் விலையும் மறுக்கப்பட்ட கூரையும்: ‘பாரம்பரிய’ விடுதிகள் குறித்துச் சில சட்டக் கேள்விகள்

கடற்கரைச் சிற்றூர்களில் நிற்கும் பழைய மாளிகைகளும் ஓட்டு வீடுகளும் விடுமுறைக் குடியிருப்புகளாகவும் ‘பாரம்பரிய விடுதி’களாகவும் மாறிவருகின்றன. புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகள், கொச்சிக் கோட்டைப் பகுதியின் வணிகர் மாளிகைகள், தரங்கம்பாடியின் டேனியர் காலக் கட்டடங்கள் எனப் பட்டியல் நீளுகிறது. 2023 செப்டம்பரில் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை, சுற்றுலாவுக்குத் தொழில்துறைத் தகுதியை வழங்கியது. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே அமைந்த மண்டைக்காட்டை இந்த அலை வந்தடைய நெடுநாள் ஆகாது. மாசிக்கொடைக்கு ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெருங்கூட்டம் வந்து சேரும் ஊர் அது. பத்மநாபபுரம் அரண்மனையும் தொலைவில் இல்லை. கோயிலிலிருந்து கடல் கூப்பிடு தூரம். முதலீட்டாளருக்கு வேறென்ன வேண்டும்?

மண்டைக்காட்டில் அப்படியொரு விடுதி எழுந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. உரிமம் வழங்கப்பட்ட பின்னர் வழக்காடுவதைக் காட்டிலும், உரிமத்தின் நிபந்தனைகள் எழுதப்படும் முன்னரே பேசுவது மேலானது. அதனால்தான் இப்போதே பேசுகிறோம்.

நமது கேள்வி எளியது. பழைய வீட்டுக்கு இன்று சந்தையில் விலை இருக்கிறது. அந்தப் பழைமையில் பட்டியலின மக்களுக்கு ஒரு செங்கல்கூட ஏன் சொந்தமாக இல்லை? நீடித்து நிற்கும் வீட்டைக் கட்டும் உரிமையையே சாதி மறுத்திருந்த மண்ணில், நீடித்து நின்ற வீடுகளை மட்டும் ‘மரபு’ என்று அறிவித்து அரசு சலுகை வழங்குமானால், பழைய தடையின் பலன் புதிய முதலாக மாறுகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

ஓடு வேயத் தடை இருந்த நாடு

1956 நவம்பர் 1 வரை மண்டைக்காடு திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிப் பரப்பின் பகுதி. அங்கே சாதி, அரசே காவல் நின்று காத்த ஒழுங்கு. அவர்ணர் என ஒதுக்கப்பட்டோர் குடை பிடிக்கவும், செருப்பு அணியவும், பொன் நகை பூணவும், மாடி வீடு கட்டவும், கூரைக்கு ஓடு வேயவும் தடைகள் இருந்தன. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தையும், அதன் விளைவாக 1859இல் வந்த அரச அறிவிப்பையும் இன்று பலரும் அறிவர். கூரைக்கு இருந்த தடை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பேசப்பட வேண்டும். ஓலைக் கூரை சில மழைக்காலங்களில் மக்கிவிடும், மண்சுவர் கரைந்துவிடும். ஓடும் தேக்கும் வெட்டுக்கல்லும் பேரப்பிள்ளைகளின் காலத்துக்கும் நிற்கும். மேலாடைத் தடை உடலை அவமதித்தது என்றால், கூரைத் தடை தலைமுறைகளின் சேமிப்பையே பறித்தது. ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லக்கூடிய முதற்சொத்து வீடு. அதை விட்டுச் செல்ல இயலாதபடி சாதி ஒழுங்கு பார்த்துக்கொண்டது.

அவர்ணரிலும் அடித்தட்டில் வைக்கப்பட்ட புலையர், பறையர் முதலான மக்களின் நிலை இதனினும் கொடியது. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தனர். நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் அவர்கள் விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர். 1855 ஜூன் 24 அன்று வந்த அரச அறிவிப்பு அடிமைமுறையைச் சட்டத்தில் ஒழித்தது. விடுதலை பெற்றவருக்கு அந்த அறிவிப்பு ஒரு சென்ட் நிலமும் வழங்கவில்லை. ‘ஊழியம்’ என்னும் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பு அரசுப் பணிகளுக்கும் கோயில்களுக்கும் ஆளைத் திரட்டித் தந்தது. சுமந்தவரின் பெயர் எந்தத் தூணிலும் பொறிக்கப்படவில்லை.

சென்னை மாகாணத்தில் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் மீட்கப் போராடுவது அந்த நிலத்தைத்தான். அன்று திருவிதாங்கூரில் இருந்த குமரி மாவட்டப் பகுதி அந்த ஆணையின் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே, இங்கே மீட்பதற்குப் பஞ்சமி நிலமும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தவர்; குமரி மாவட்டத்தில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு. எண்ணிக்கை குறைந்தவர்களின் வரலாறு எளிதில் மறைக்கப்படுகிறது. இம்மாவட்டத்தின் சாதி எதிர்ப்பு வரலாறு சொல்லப்படும்போதுகூடப் புலையரும் சாம்பவரும் அடிக்குறிப்பாகவே எஞ்சுகின்றனர்.

இனி ‘மரபு’ என்னும் சொல்லைச் சட்டம் எப்படி அளக்கிறது என்று பாருங்கள். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், ஒரு கட்டடம் தொன்மையானதாகக் கருதப்பட அது நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நிலைத்திருக்க வேண்டும் என்கிறது. வெறும் எண், நடுநிலையான அளவுகோல்போலத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நாஞ்சில் நாட்டில் யாருடைய வீடு கல்லிலும் ஓட்டிலும் நின்றது என்று கேட்டால் அதன் நடுநிலை கலைந்துவிடும். திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிவிப்பு வந்ததே 1936 நவம்பர் 12 அன்றுதான். வயதை மட்டும் தகுதியாக வைக்கும் எந்தப் பட்டியலும் சாதியின் பட்டியலாகவே முடியும்.

கோவளம்: இருவர் சண்டையில் காணாமற்போனவர்கள்

திருவிதாங்கூர் மரபில் ஒரு மாளிகை விடுதியின் கைக்குப் போன கதைக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மண்டைக்காட்டிலிருந்து கரையோரமாக வடமேற்கே சென்றால் வருவது கோவளம். அங்கே கடலைப் பார்த்த குன்றின்மேல் 1932இல் அரச குடும்பத்தினருக்காகக் கட்டப்பட்ட ஹால்சியன் மாளிகை, பின்னர் இந்தியச் சுற்றுலா மேம்பாட்டுக் கழகம் நடத்திய விடுதி வளாகத்தின் பகுதியானது. 2002இல் ஒன்றிய அரசு அவ்விடுதியைத் தனியாருக்கு விற்றது. மாளிகையை மீட்கக் கேரள அரசு 2005இல் தனிச் சட்டமே இயற்றியது. 2011இல் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2017இல், உரிமை கோரி வழக்காடும் வாய்ப்பைத் தக்கவைத்துக்கொண்டு, மாளிகையின் கைவசத்தை விடுதி நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கேரள அமைச்சரவை முடிவெடுத்தது.

இந்த நெடிய சண்டையில் இரண்டு தரப்புகளே இருந்தன: அரசு ஒன்று, நிறுவனம் மற்றொன்று. சொத்து எவருடைய பெயரில் இருக்க வேண்டும் என்பதே வழக்கு. அரச குடும்பத்துக்கு மாளிகை எழுந்த ஆண்டில், அந்த நாட்டின் அவர்ணர் கோயில் வாசலைக்கூட மிதிக்க முடியாதிருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்தப் பொதுச்சொத்தில் என்ன பங்கு என்று கேட்கும் மூன்றாவது தரப்புக்கு வழக்கில் இடமே இருக்கவில்லை.

தரங்கம்பாடி: சொல்லப்படும் வரலாறும் சொல்லப்படாததும்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் பழைய கட்டடம் விடுதியாவதன் முழுமையான எடுத்துக்காட்டு தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டேனியர் அங்கே டேன்ஸ்பார்க் கோட்டையை எழுப்பினர். 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. இன்று கோட்டை அருங்காட்சியகம். கடலை ஒட்டிய பழைய பங்களா ஒன்றை நீம்ராணா நிறுவனம் பாரம்பரிய விடுதியாக நடத்திவருகிறது. மேலும் சில பழைய வீடுகளும் அவ்வாறே ஆயின. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு டேனிய அமைப்புகளின் நிதியுதவியோடும் இன்டாக் அமைப்பின் பணியோடும் பல கட்டடங்கள் சீரமைக்கப்பட்டன. பொற்கொல்லர் தெருவின் எளிய தமிழ் வீடுகளும் அவற்றுள் அடங்கும். இச்சீரமைப்பை நாம் குறைகூறவில்லை. இடிந்து விழவிருந்த சுவரைத் தாங்கிப் பிடித்தவரைப் பழிப்பது நமது வேலையன்று. அவ்விடுதிகளின் நிர்வாகம்மீது எந்தக் குற்றச்சாட்டும் நமக்கில்லை. வரலாறு எப்படிப் பொறுக்கி எடுக்கப்படுகிறது என்பதே நமது கவலை.

தரங்கம்பாடிக்கு வருவோர் கேட்டறிவது என்ன? 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியது, தமிழ் நூல்களை அச்சிட்ட அச்சகம், 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயம். எல்லாம் உண்மை. 17ஆம் நூற்றாண்டில் அதே கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர் என்பதும் உண்மை. அம்மிஷனின் ஆலயத்தில் சூத்திரக் கிறித்தவரும் பறையர் கிறித்தவரும் பிரிந்தே அமர்த்தப்பட்டனர் என்பதும் உண்மை. தஞ்சைப் படையில் பணியாற்றிப் பின் உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் அரும்பணி செய்த இராஜநாயக்கன் பறையர் குலத்தவர். அவரைக் குருவாக்கினால் அவர் கையால் நற்கருணை பெற மேல்சாதிக் கிறித்தவர் மறுப்பர் என்று அஞ்சிய மிஷனரிகள், அவருக்குக் குருப்பட்டம் வழங்காமலே விட்டனர். அச்சகத்தின் கதையை அறிந்து வீடு திரும்பும் பயணியில் எத்தனை பேர் இராஜநாயக்கனின் கதையை அறிந்து திரும்புகின்றனர்?

ஆழிப்பேரலையின் நினைவும் அவ்வாறே சுருங்கிவிட்டது. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழுகிய உடல்களை அகற்ற வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டனர், பெரும்பாலோர் தலித்துகள். நிவாரண முகாம்களிலும் பொருள் வழங்கலிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. கடலில் படகு செலுத்தாத காரணத்தால், உப்புநீர் புகுந்த வயலில் கூலி இழந்த தலித் தொழிலாளி ‘பாதிக்கப்பட்டவர்’ என்னும் கணக்கில் சேரவே போராட வேண்டியிருந்தது. கடற்கரை மரபு என்று வரும்போது கட்டடம் நினைக்கப்படுகிறது. கடற்கரைத் துயரம் என்று வரும்போது மீனவர் நினைக்கப்படுகின்றனர். இரண்டிலும் தலித் மக்கள் இல்லை.

விடுதிக் கதவும் அம்பேத்கரும்

1917இல் பரோடா சமஸ்தானப் பணியில் சேரச் சென்ற இளம் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. 1934இல் தம் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைக் காணச் சென்றபோது, கோட்டை வாயிலில் இருந்த குளத்து நீரில் முகம் கழுவியதற்காக அக்குழு வசைபாடப்பட்டது. தண்ணீரைத் தொடக்கூடாது என்னும் நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலன் உடன்வர, அவர்கள் கோட்டைக்குள் விடப்பட்டனர். ஒன்று தங்கும் விடுதி. மற்றொன்று வரலாற்றுச் சின்னம். இவ்விரண்டு அவமானங்களையும் அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றுள் நுழைவதிலும், அரசுப் பணத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும் எந்தக் குடிமகனும் சாதியின் பெயரால் தடுக்கப்படக்கூடாது என்கிறது அது. அடிப்படை உரிமைகளுள் பெரும்பாலானவை அரசை நோக்கியவை. இது தனியாரையும் கட்டுப்படுத்தும். அரசமைப்பு அவையில் ‘கடை’ என்னும் சொல்லின் பொருள் கேட்கப்பட்டபோது, நாடி வருவோர் எவருக்கும் சேவை வழங்க ஒருவர் முன்வரும் இடம் எதுவும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விரிந்த பொருளையே ஏற்றது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும்: ‘இது எனது பூர்வீக வீடு, இதில் யாரைத் தங்கவைப்பது என்பது என் விருப்பம்.’ இதற்கு ஓரளவு சட்ட வலு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2005இல் பார்சிக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் சேர்க்கையைத் தம் சமூகத்தாரோடு நிறுத்திக்கொள்ளும் விதியை உச்ச நீதிமன்றம் செல்லத்தக்கது என்றது. ‘சைவ உணவு உண்போருக்கு மட்டும்’, ‘குடும்பப் பின்னணி பார்த்தே அறை’ என்னும் நிபந்தனைகள் சாதியைக் கேட்காமலே சாதியை அறியும் வழிகள்.

ஆயினும் குடியிருக்கும் வீடு வேறு, வாடகைக்குத் திறந்த விடுதி வேறு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ‘விடுதி’ என்பதற்குள் உண்டுறை இல்லம், தங்கும் இல்லம் ஆகியவற்றையும் சேர்த்தே வரையறுக்கிறது. இணையத்தில் விளம்பரம் செய்து, பணம் செலுத்தும் எவருக்கும் அறை வழங்குவதாக அறிவித்த கணமே அவ்வீட்டுக் கதவு பொதுக் கதவாகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொது இடங்களில் நுழைவதையும் பொதுப்பயன்பாட்டுக்கான பொருள்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் இருக்கிறது. அதை விடுதி உரிமத்தின் நிபந்தனையாக எழுதிவைக்கும் பழக்கம்தான் இல்லை.

கரை யாருக்கு?

கடற்கரை உரிமை மண்டைக்காட்டுக்குப் புதிய பொருளன்று. 1982 மார்ச் 1 அன்று, கோயிலுக்கு வருவோரும் மீனவரும் பயன்படுத்தும் கரையைச் சுற்றி எழுந்த பதற்றம் மதக் கலவரமாக வெடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஆறு பேர் உயிரிழந்தனர். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. கரையில் யார் நிற்கலாம் என்னும் கேள்வி இம்மண்ணில் உயிர்களைக் குடித்த கேள்வி. அதே கரையில் கட்டண விருந்தினருக்கெனத் தனி இடம் ஒதுக்குவதைச் சிறு விஷயமாக எவரும் கருதலாகாது.

2019 ஜனவரியில் வெளியான கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கடற்கரையில் கட்டுமானமற்ற பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்க வழிவகுத்தது. மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தம் வீடுகளின் பரப்பையும் வடிவையும் முகப்பையும் மாற்றாமல் சுற்றுலாப் பயணியரைத் தங்கவைக்கலாம் என்றும் அது அனுமதித்தது. உள்ளூர் மக்களுக்கான சலுகைதானே என்று தோன்றும். ஆனால், இச்சலுகையைப் பெறக் கரையோரத்தில் ஏற்கெனவே ஒரு வீடு இருக்க வேண்டும். விருந்தினர் தங்கத்தக்க வீடாகவும் அது இருக்க வேண்டும். நிலமற்ற, பட்டாவற்ற தலித் குடும்பம் இந்தச் சலுகையின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் வந்த மறுவாழ்வு ஆணையோ, 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் உள்ளே தள்ளிப் புதிய வீடு பெற்றால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. ஏழைக்குக் கடல் ஆபத்து. விருந்தினருக்குக் கடல் காட்சி. இரண்டு ஆணைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் கிடைக்கும் பாடம் இதுதான்.

மீனவ மக்களோடு நமக்கு இதில் பகையில்லை. 2023இல் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்கள்மீது கருத்துக் கேட்கப்பட்டபோது, தம் ஊர்களும் பொதுப் பயன்பாட்டு இடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவ அமைப்புகள் எதிர்த்தன. அவ்வெதிர்ப்பு நியாயமானது. அந்த வரைபடத்தில் கரையை ஒட்டிய தலித் குடியிருப்பும், அங்கிருந்து கடலுக்குச் செல்லும் பாதையும், இடுகாடும் இடம்பெற வேண்டும் என்று நாம் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விடுதியின் பின்புறம்

பாரம்பரிய விடுதி பற்றிய எந்த விளம்பரமும் காட்டாத இடம் ஒன்று உண்டு: கழிவுத்தொட்டி. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் பத்து அறைகள் வாடகைக்கு விடப்படும்போது கழிவும் அத்தனை மடங்காகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத கடற்கரைப் பேரூராட்சியில் அந்தத் தொட்டியை நிரம்ப நிரம்ப யாரேனும் காலி செய்தாக வேண்டும். சாக்கடை, கழிவுத்தொட்டி மரணங்களில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. மாண்டோர் எந்தச் சமூகத்தவர் என்று இத்தளத்தின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றிக் கழிவுத்தொட்டிக்குள் ஆளை இறக்குவதை எவருக்கும் தடை செய்கிறது. உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, தனி உரிமையாளருக்கும்தான். முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு 2014இல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியலினத்தவரை இத்தொழிலில் ஈடுபடுத்துவதைத் தனிக் குற்றமாக வைத்துள்ளது. ஆனால், இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. உரிமம் மரணத்துக்கு முன் வருவது. தொட்டி எங்கே உள்ளது, எந்த இயந்திரத்தால் காலி செய்யப்படும், கழிவு எங்கே கொண்டு செல்லப்படும் என்பவற்றை எழுத்தில் பெறாமல் விடுதிக்கு உரிமம் வழங்கும் அலுவலர், அந்த மரணத்துக்கும் முன்கூட்டியே கையொப்பமிடுகிறார்.

வேலைவாய்ப்பு என்னும் வாதத்தையும் இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும். விடுதி வந்தால் உள்ளூருக்கு வேலை கிடைக்கும் என்பது உண்மை. எவருக்கு எந்த வேலை என்பதே கேள்வி. வரவேற்பு மேசையும் சமையலறையும் ஒரு சாதிக்கு, துடைப்பமும் தொட்டியும் இன்னொரு சாதிக்கு என்று பிரிந்தால், கட்டடத்தோடு சாதி ஒழுங்கும் சேர்த்துப் ‘புனரமைக்கப்பட்டது’ என்றே பொருள்.

பிற நாடுகள் எதிர்கொண்ட கேள்வி

இக்கேள்வியை உலகில் நாம் மட்டும் எழுப்பவில்லை. 2022இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 1830களைச் சேர்ந்த அடிமைக் குடில் என்ற அறிமுகத்தோடு ஒரு வீடு விடுமுறை வாடகைக்கு ஏர்பிஎன்பி தளத்தில் விளம்பரப்படுத்தப்பட்டது. கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் அதைக் காணொளி வழியாக அம்பலப்படுத்தினார். அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அடிமைகள் வாழ்ந்த குடில்களைத் தன் தளத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தது. கானா நாட்டுக் கடற்கரையில் அடிமை வணிகத்தோடு தொடர்புடைய கோட்டைகள் பல உள்ளன. செனியா பெராக்குவிலும் அப்பாமிலும் உள்ள கோட்டைகள் பயணியர் தங்கும் இல்லங்களாகவே பயன்பட்டு வந்துள்ளன. எல்மினாவிலும் கேப் கோஸ்டிலும் உள்ள கோட்டைகளோ, அடிமைகள் அடைக்கப்பட்ட நிலவறைகளைக் காட்டி, நடந்ததைச் சொல்லும் நினைவிடங்களாக நிற்கின்றன. பழைய கட்டடத்தை என்ன செய்வது என்பதில் ஒரு சமூகத்துக்குத் தெரிவுகள் உண்டு. ஒரே கடற்கரையில் இரு வழிகளும் இருக்கின்றன.

நம் நிலைமை ஒரு வகையில் அவர்களினும் கடினம். அங்கே அடிமைக் குடிலாவது எஞ்சியது. நமக்கு அதுவும் எஞ்சவில்லை, ஓலை மக்கிப்போயிற்று.

நாம் கேட்க வேண்டியவை

பழைய கட்டடங்களை இடிக்கச் சொல்லவில்லை. விடுதியாக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. பொது உரிமமும் பொதுச் சலுகையும் பெறும் எந்தக் கட்டடமும் பொதுக் கடமையோடுதான் திறக்கப்பட வேண்டும் என்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பாரம்பரிய விடுதியின் உரிமத்திலும் 15(2) உறுப்பும், தீண்டாமை ஒழிப்புச் சட்டங்களும் வெளிப்படையான நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். மீறினால் உரிமம் ரத்தாக வேண்டும்.

இரண்டாவது, கழிவகற்றலுக்கான இயந்திர ஏற்பாட்டைக் காட்டாமல் உரிமம் கூடாது.

மூன்றாவது, விடுதியின் முன்னால் உள்ள கரையும் அதற்குச் செல்லும் பாதையும் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும்.

நான்காவது, அரசு மானியமோ வரிச்சலுகையோ பெறும் விடுதிகள் எல்லா நிலைப் பணிகளிலும் பட்டியலினத்தவருக்கு உரிய பங்களிக்க வேண்டும். வீடு இல்லாத காரணத்தால் தங்கல் சுற்றுலாவில் நுழைய முடியாத தலித் குடும்பங்களுக்கு, தாட்கோ வழியாகப் பட்டாவும் கட்டுமான நிதியும் சேர்ந்த தனித்திட்டம் வேண்டும்.

ஐந்தாவது, கட்டடத்தின் வரலாற்றுப் பலகையில் கட்டியவர், சுமந்தவர், உள்ளே விடப்படாதவர் ஆகியோரின் வரலாறும் எழுதப்பட வேண்டும். 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தின்கீழ் அமையும் எந்தப் பட்டியலும் கட்டடங்களோடு நின்றுவிடாமல், கட்டடம் எழுப்பத் தடைவிதிக்கப்பட்டோரின் இடங்களையும் சேர்க்க வேண்டும். தொட்ட குளம், தடுத்த பாதை, போராடிய தெரு ஆகியனவும் மரபுதான்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு சொல். இவற்றைத் தொடங்க நீதிமன்றம் தேவையில்லை. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் பேரூராட்சியில் பதிவான தங்கும் விடுதிகளின் பட்டியலையும், அவற்றின் கழிவகற்றல் ஏற்பாட்டையும், உங்கள் ஊரின் கடற்கரை மேலாண்மை வரைபடத்தையும் கேளுங்கள். வரைபடத்தில் உங்கள் குடியிருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓலை வீட்டில் பிறந்து வளர்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஓடு வேய அஞ்சிய காலத்தையும், முதல் ஓடு ஏறிய நாளையும் அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவையுங்கள். நாளை எவரேனும் ஒரு மாளிகையைக் காட்டி ‘இதுதான் இவ்வூரின் மரபு’ என்று விண்ணப்பம் அளிக்கும்போது, அதற்கெதிரே வைக்க நம் கையில் ஓர் ஆவணம் இருக்க வேண்டும்.